ஒற்று மிகுந்த கம்ப்யூட்டர்

ஒற்று சாருக்கு அந்தப் பெயரை வைத்தது அவருடைய பதிப்பகம். பிழை திருத்தும் பிரிவில் இருபத்திரண்டு வருடமாக உட்கார்ந்து, "இங்கே ஒரு 'ப்' போடணும், அங்கே அந்த 'க்'கைத் தூக்கணும்" என்று புள்ளி வைத்த எழுத்துகளோடு மல்லுக்கட்டியவர் அவர். ஆரம்பத்தில் முதுகுக்குப் பின்னால்தான் அப்படிக் கூப்பிட்டார்கள். பிறகு அவரே போனை எடுத்து, "ஒற்று பேசறேன்" என்று சொல்ல ஆரம்பித்துவிட்டார். கிண்டல் செய்தவர்களுக்குச் சப்பென்று ஆகிவிட்டது.

வீட்டிலும் அதே கதைதான். லிப்ட்டில் ஒட்டியிருந்த 'குழந்தைகளை தனியாக அனுப்பாதீர்கள்' என்ற அறிவிப்பில் பேனாவால் ஒரு 'த்' செருகி, குடியிருப்புச் செயலாளரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார். மனைவி எழுதிவைத்துவிட்டுப் போகும் சாமான் பட்டியல் மாலையில் சிவப்பு மையோடு திரும்பி வரும்; சாமான் பாதிதான் வந்திருக்கும். அந்த அம்மாள் கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிப்பவர். "உங்க கண்ணுக்குக் கடைசி வரி பொடி எழுத்துகூடத் தெரியுது. என்ன எழுதியிருக்குன்னு மட்டும்தான் தெரியமாட்டேங்குது. அதுக்கு எங்ககிட்ட லென்ஸ் இல்லை" என்பார்.

அந்த மாதம் பதிப்பகத்திலிருந்து ஓர் உத்தரவு வந்தது. பக்கம் வடிவமைக்கும் மென்பொருளின் புதிய பதிப்பு புதிய சிஸ்டத்தில்தான் ஓடுமாம். அதனால் வீட்டிலிருந்து வேலை பார்க்கும் எல்லோரும் மாதக் கடைசிக்குள் தங்கள் கம்ப்யூட்டரைப் புதிய சிஸ்டத்துக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். ஒற்று சாரின் கையில் அப்போது முந்நூறு பக்க முதலுதவிக் கையேடு ஒன்று இருந்தது. தீக்காயம் வரை வந்திருந்தார், பாம்புக்கடி பாக்கி.

ஒரு புதன்கிழமை காலை, மனைவி வேலைக்குக் கிளம்பிய பிறகு மாற்ற உட்கார்ந்தார். கம்ப்யூட்டர் பாதி வழியில் நின்று ஒரு பெட்டியைக் காட்டியது.

'உங்கள் பாதுகாப்பு மென்பொருள் புதிய அமைப்பிற்க்கு பொருந்தாது. அதை நீக்கிவிட்டு புதிய பதிப்பை நிறுவவும்.'

ஒற்று சார் அதை மூன்று முறை படித்தார். தானாக மேலே எழுந்த சிவப்புப் பேனா திரைக்கு ஓர் அங்குலம் முன்னால் நின்றது. 'அமைப்பிற்க்கு'! 'ற்'க்குப் பின்னால் 'க்'காம்! 'பொருந்தாது'வுக்கு முன்னால் 'ப்' எங்கே? 'புதிய'வுக்கு முன்னால் 'ப்' எங்கே? இரண்டு வரிக்குள் மூன்று பிழை.

போன மாதம்தான் அலுவலகத்தில் எல்லோருக்கும் ஓர் எச்சரிக்கைத் தாள் கொடுத்திருந்தார்கள். 'மோசடிக்காரர்கள் அனுப்பும் செய்திகளில் எழுத்துப்பிழைகள் மலிந்திருக்கும்' என்பது அதில் ஒரு வரி. அந்தத் தாளுக்கு மெய்ப்புப் பார்த்தவரே ஒற்று சார்தான். ஆகவே இது மோசடிதான் என்பதில் அவருக்குச் சந்தேகமே எழவில்லை. பெட்டிக்குக் கீழே 'நீக்கு', 'பிறகு பார்க்கலாம்' என்று இரண்டு பொத்தான்கள் இருந்தன. திருடனை வாசலோடு விரட்டிவிட்ட திருப்தியோடு இரண்டாவதை அழுத்தினார்.

புதிய சிஸ்டம் வந்து உட்கார்ந்தது. ஆனால் திரை ஓரத்தில் எப்போதும் பச்சையாக இருக்கும் ஆன்டிவைரஸ் சின்னம் சாம்பல் நிறமாகிவிட்டது. கையேட்டைத் திறந்தால் நாற்பதாம் பக்கத்தில் கம்ப்யூட்டர் மலைத்துப்போய் நின்றது. அணைத்துவிட்டுப் போட்டால் மறுபடியும் அதே பெட்டி, அதே மூன்று பிழை. கம்ப்யூட்டர் நின்றதுகூட அவருக்குப் பெரிதாகப் படவில்லை. அந்த 'ற்க்'தான் செருப்பில் புகுந்த கல் மாதிரி உறுத்தியது.

பொறுக்கமுடியாமல் ஆன்டிவைரஸ் கம்பெனிக்கு ஒரு மின்னஞ்சல் எழுதினார். 'உங்கள் பெயரைச் சொல்லிக்கொண்டு யாரோ தமிழைக் கொலை செய்கிறார்கள்' என்று தொடங்கி, நான்காம் வேற்றுமை உருபின் பின் வல்லினம் மிகும் விதியை எடுத்துக்காட்டுகளோடு விளக்கி, மூன்று பக்கத்தில் முடித்தார். மாலையில் மனைவியிடம் படித்தும் காட்டினார்.

"கம்ப்யூட்டர் ஏன் நிக்குதுன்னு கேட்டீங்களா?" என்றார் அவர்.

"அது ரெண்டாவது விஷயம்."

"என் தம்பியைக் கூப்பிட்டுக் காட்டலாமில்ல?"

"உன் தம்பி 'ஹாய் அத்தான்'னு அனுப்பற மெசேஜ்லயே ரெண்டு தப்பு இருக்கும். அவன் வந்து என்னத்தைப் பார்ப்பான்?"

தம்பி ஒரு கல்லூரியில் இருநூறு கம்ப்யூட்டர்களைக் கட்டி மேய்ப்பவன் என்பதை அக்கா ஞாபகப்படுத்தினார். அத்தான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

வெள்ளிக்கிழமை மாலை மின்னஞ்சலில் ஒரு கடிதம் வந்தது. 'அன்புடையீர்' என்று தொடங்கியது. 'தங்கள் கணினிக்குப் பொருத்தமான புதிய பாதுகாப்பைப் பெறக் கீழ்க்காணும் இணைப்பைச் சொடுக்குக. நேர்ந்த சிரமத்துக்கு வருந்துகிறோம்.'

ஒற்று சார் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். ஒற்று மிக வேண்டிய இடத்திலெல்லாம் மிகுந்திருந்தது; மிகக்கூடாத இடத்தில் வாயை மூடிக்கொண்டிருந்தது. 'கிளிக் செய்யவும்' இல்லை, 'சொடுக்குக'! தன்னுடைய மூன்று பக்கத்தைப் படித்து மனம் திருந்திய கம்பெனி எழுதிய பதில் என்றே நம்பினார். அனுப்பியவரின் முகவரி, கண்ணை மூடிக்கொண்டு தட்டியது போல எழுத்தும் எண்ணுமாக இருந்தது. அதில் தமிழ் இல்லாததால் அவர் அதைப் பார்க்கவில்லை.

சொடுக்கினார். ஏதோ ஒன்று இறங்கியது. அதையும் திறந்தார். ஒரு பக்கம் விரிந்து, மின்னஞ்சல் முகவரியைக் கேட்டது, கொடுத்தார். அடுத்த கட்டத்தின் மேல் 'உங்கள் கடவுசொல்' என்று இருந்தது.

கை நின்றது. கடவுச்சொல் அல்லவா? 'ச்' எங்கே போயிற்று?

மோசடி என்று இப்போதும் தோன்றவில்லை. இவ்வளவு நல்ல கடிதம் எழுதியவர்கள் ஓர் இடத்தில் சறுக்கிவிட்டார்களே என்ற வருத்தம்தான். பக்கத்தின் அடியில் 'உதவிக்கு அழைக்க' என்று ஓர் எண் இருந்தது. அழைத்தார்.

"வணக்கம் சார், பாதுகாப்புப் பிரிவு. என்ன உதவி வேணும்?" குழைவான இளங்குரல்.

"உதவி எனக்கில்லை தம்பி, உங்களுக்கு. 'கடவுச்சொல்'ல ஒரு 'ச்' விட்டுப்போச்சு."

"சரிங்க சார், சொல்லிடறேன். நீங்க உங்க கடவுச்சொல்லை என்கிட்டயே சொல்லுங்க, நானே போட்டுடறேன்."

"பார்த்தியா! வாயால சொல்றப்ப சரியா அழுத்திச் சொல்றே. எழுதறப்ப ஏன் விட்டுடறே? இப்பவே திருத்து, நான் லைன்ல இருக்கேன்."

"சார், அது வேற டிபார்ட்மென்ட். நீங்க முதல்ல கடவுச்சொல்..."

"'கடவுசொல்'னு போட்டிருக்கிற கட்டத்துல நான் எதைப் போடறது? அப்படி ஒண்ணு என்கிட்ட இல்லையே. என்கிட்ட இருக்கிறது கடவுச்சொல்."

"ரெண்டும் ஒண்ணுதான் சார்!"

"ஒண்ணா? சரி, இதைக் கேளு. வேலை கொடுத்தான், வேலைக் கொடுத்தான். முதல்ல உத்தியோகம், ரெண்டாவது முருகன் கையில இருக்கிற வேல். ரெண்டும் ஒண்ணா? ஒரு 'க்'குல குடியே கவுந்துடும் தம்பி. பேப்பர் பேனா எடுத்துக்கோ."

பாதுகாப்புப் பிரிவுக்காரன் முதலில் கெஞ்சினான். பிறகு, இன்னும் பத்து நிமிடத்தில் கம்ப்யூட்டர் வெடித்துவிடும் என்று மிரட்டினான். 'வெடித்துவிடும்' என்று பிரிக்காமல் சேர்த்துச் சொன்னதற்கு ஒற்று சார் அவனைப் பாராட்டினார். இருபத்தோராவது நிமிடத்தில், "ஐயா சாமி, ஆளை விடு!" என்று கத்திவிட்டு அவன் போனை வைத்துவிட்டான்.

வேலை முடிந்து வந்த மனைவி, கடைசி ஐந்து நிமிடத்தைச் செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்று கேட்டிருந்தார்.

"யாருங்க அது?"

"ஆன்டிவைரஸ் கம்பெனிக்காரன். நல்ல குரல், நல்ல உச்சரிப்பு. கத்துக்கணும்கிற ஆசைதான் இல்லை, பாவம்."

மனைவி திரையைப் பார்த்தார், கடிதத்தைப் பார்த்தார், அனுப்பியவர் முகவரியைப் பார்த்தார். குனிந்து இன்டர்நெட் ஒயரைப் பிடுங்கினார். அப்புறம் தம்பிக்குப் போன் செய்தார்.

அரை மணி நேரத்தில் மைத்துனன் வந்தான். நடந்ததை அக்கா சொல்லச் சொல்ல உதட்டைக் கடித்துக்கொண்டு கேட்டான். கம்ப்யூட்டரைக் கொஞ்ச நேரம் குடைந்துவிட்டுத் திரும்பினான்.

"அத்தான், உள்ளே ஒற்று மிகுந்திருக்கு."

"எங்கே?" என்று அவசரமாகக் கண்ணாடியை மாட்டினார் ஒற்று சார்.

"அந்த ஒற்று இல்லை. ஒற்றன். வேவு பார்க்கிற புரோகிராம். நீங்க இறக்கினீங்களே, அதுதான். நல்லவேளை, கடவுச்சொல்லைக் கொடுக்கலை."

"அப்போ அந்த லெட்டர்?"

"பொய். ஊருக்கெல்லாம் அனுப்பறாங்க."

"அவ்வளவு நல்ல தமிழ்ல?"

"திருடனுக்கு இப்பல்லாம் நல்ல தமிழ் தெரியும் அத்தான். உங்க கம்பெனிக்காரனுக்குத்தான் தெரியலை. 'அமைப்பிற்க்கு'ன்னு வந்ததே, அதுதான் நிஜம். பழைய ஆன்டிவைரஸ் இந்த சிஸ்டத்துல ஓடாது. அதைத் தூக்கிட்டுப் புதுசைப் போடுங்கன்னு மூணு நாளா தலையால தண்ணி குடிச்சுச் சொல்லியிருக்கு. அந்தப் பழசு வேலை செய்யாம, வெளியவும் போகாம குறுக்கே படுத்துக்கிட்டிருந்ததாலதான் நாற்பதாம் பக்கத்துல நின்னுச்சு. காவலுக்கும் ஆளில்லை."

ஒற்று சாரின் முகம் சுருங்கிப்போயிற்று. இருபத்திரண்டு வருடத்தில் அவர் ஒரு பிழையை இப்படித் தவறவிட்டதில்லை. அதைவிட, ஒரு பொய்யைப் படித்து நெகிழ்ந்துவிட்டோமே என்பதுதான் அவருக்கு வலித்தது. மனைவி காபி கலந்து கொண்டுவந்து பக்கத்தில் வைத்தார். அன்று மாலை கண்ணைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை.

வேவு பார்த்ததைக் களையெடுக்க இரண்டு மணி நேரம் ஆயிற்று. கடவுச்சொற்களையெல்லாம் அக்காவின் போனிலிருந்து மாற்றினார்கள். பழைய ஆன்டிவைரஸை அடியோடு நீக்குவதற்கு அந்தக் கம்பெனியே ஒரு சின்ன புரோகிராம் வைத்திருந்தது. மைத்துனன் அதைத் தன் மடிக்கணினியில் இறக்கிக் கொண்டுவந்து போட்டான். உடனே பழைய பெட்டி மறுபடியும் எட்டிப் பார்த்தது, அதே மூன்று பிழைகளோடு.

"'நீக்கு'வை நீங்களே அழுத்துங்க அத்தான்."

"நீயே அழுத்தேன்."

"உங்க கம்ப்யூட்டர், உங்க சம்மதம்."

ஒற்று சார் சுட்டியைப் பிடித்தார். விரல் இறங்கவில்லை. "அந்த 'க்'கை மட்டுமாவது..."

"என்னங்க!" என்றார் மனைவி.

அழுத்தினார். கம்ப்யூட்டர் ஒருமுறை அணைந்து எழுந்தது. புதிய பதிப்பைப் போட்டதும் ஓரத்தில் பச்சைச் சின்னம் வந்தது. கையேடு பாம்புக்கடி வரை தடங்கலில்லாமல் ஓடியது.

நடந்ததை அலுவலகத்துக்குச் சொல்லியே ஆக வேண்டும் என்று மைத்துனன் கண்டிப்பாகச் சொல்லிவிட்டான். அவமானத்தை விழுங்கிக்கொண்டு, மறுநாள் காலை மேலாளரை அழைத்து ஒன்று விடாமல் ஒப்பித்தார் ஒற்று சார். திட்டு விழும் என்று காத்திருந்தார்.

"சார்," என்றார் மேலாளர், "அந்தப் பெட்டி போலின்னு இதுவரைக்கும் நாலு பேர் எனக்குப் புகார் அனுப்பியிருக்காங்க. நாலு பேரும் உங்க பிரிவுதான். விற்பனைப் பிரிவுல ஒருத்தருக்கும் பிரச்சினையே வரலை. அவங்க அதைப் படிக்கவே இல்லை."

அடுத்த சனிக்கிழமை, பதிப்பகம் கேட்டுக்கொண்டதன் பேரில், மைத்துனன் அந்த நாலு வீட்டுக்கும் போனான். வழி காட்ட ஒற்று சாரும் கூடப் போனார். வாயைத் திறக்கக்கூடாது என்பது ஒப்பந்தம். மூன்று வீடு வரை ஒப்பந்தம் தாங்கியது. நாலாவது வீடு, பிரிவிலேயே மூத்தவரான ஓர் அம்மாளுடையது. வேலை இருபது நிமிடத்தில் முடிந்துவிட்டது. மைத்துனன் பையை எடுத்துக்கொண்டு எழுந்தபோது, 'நிறுவவும்' என்பதை விட 'நிறுவுக' என்பதுதான் சிறந்தது என்று அந்த அம்மாள் போகிற போக்கில் சொல்லிவைத்தார். ஒற்று சார் மறுபடியும் உட்கார்ந்துவிட்டார்.

முக்கால் மணி நேரம் கழித்துத் தெருவிலிருந்து அக்காவுக்குப் போன் வந்தது.

"அக்கா, நான் கெளம்பறேன். சாயந்திரமா வந்து நீயே அத்தானைக் கூட்டிட்டுப் போ."

"ஏண்டா, இன்னும் வேலை முடியலையா?"

"வேலை எப்பவோ முடிஞ்சுது. அகராதியை எடுத்துக்கிட்டு வரேன்னு அந்தம்மா உள்ளே போயிருக்காங்க."