மஸ்கட்டிலிருந்து வந்த சட்டை

அந்திமல்லி முதியோர் இல்லத்தில் இரண்டு பேருக்கு நடுவே எவ்வளவு தூரம் என்பதை அவர்கள் எழுதிக் கொடுக்கும் உறவுதான் முடிவு செய்யும். கணவன் மனைவிக்கு ஒரே அறை. அக்கா தங்கைக்கு நடுவே ஒரு சுவர். தோழிகளுக்கு நடுவே ஒரு காரிடார். அந்தக் காரிடார் தினம் காலையில் பத்தடி வளரும். யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. பெருக்குகிற ஆயா மட்டும் முணுமுணுப்பாள்.

சௌந்திரமும் பிலோமினாவும் தோழி என்றுதான் எழுதினார்கள். சேரும் நாளில் வார்டன் ஜெயசீலி சுவரிலிருந்த பட்டியலைக் காட்டினார். அறுபத்து நான்கு உறவுகள். பங்காளி இருந்தது, சம்பந்தி இருந்தது, சக்களத்திக்குக்கூட இடம் இருந்தது. நாற்பத்தொரு வருஷம் ஒரே பாயில் படுத்து எழுந்த இரண்டு பெண்களுக்கு மட்டும் ஒரு வரி இல்லை. அக்கா தங்கை என்று எழுதலாமா என்று யோசித்தார்கள். பெயர்கள் ஒத்துழைக்கவில்லை.

பிலோமினா டிரில் டீச்சராக இருந்தவள். விசில் இன்னும் கழுத்தில்தான் தொங்கும். முழங்கால் போய்விட்டது, மூச்சு போகவில்லை. காலையில் கண் விழித்ததும் ஒரு விசில் ஊதுவாள். உயிரோடு இருக்கிறேன் என்று அர்த்தம். சௌந்திரம் டெலிபோன் ஆபீஸில் தூரத்துக் குரல்களை இணைத்துக் கொடுத்தே ரிட்டயர் ஆனவள், கேட்டுவிடுவாள். முதல் நாள் விசில் உடனே வந்தது. நாலாம் நாள் டீயோடு வந்தது. இரண்டாம் வாரத்தில் திங்கட்கிழமை ஊதியது வியாழக்கிழமை மத்தியானம் ரசத்துக்கு முன்னால் வந்து சேர்ந்தது. வியாழக்கிழமை பிலோமினா எப்படி இருக்கிறாள் என்பதற்கு அதில் பதில் இல்லை. சௌந்திரத்துக்குச் சோறு இறங்கவில்லை.

அறையை மாற்றித் தரச் சொல்லிக் கேட்க வார்டனிடம் போனாள். வார்டன் கோப்பைப் புரட்டினார். "கல்யாணம் ஆனவங்கன்னுல்ல போட்டிருக்கு. வீட்டுக்காரர் மஸ்கட்ல இருக்காராமே?"

வாய்ப்பழக்கத்தில் சௌந்திரம் சேரும் நாளிலும் அதைச் சொல்லித் தொலைத்திருந்தாள். அது வீட்டு ஓனர்களுக்காகச் செய்த ஏற்பாடு. உறையூரில் முதல் வீடு பிடித்தபோது, ஆம்பளை இல்லாதவர்களுக்கு வீடு இல்லை என்றார்கள். இல்லாத புருஷனுக்கு ராஜமாணிக்கம் என்று பெயர் வைத்து மஸ்கட்டுக்கு அனுப்பினார்கள். பிலோமினா கடைக்குப் போய் நீலக் கட்டம் போட்ட சட்டை ஒன்று வாங்கி வந்தாள். ஞாயிறுதோறும் அதைத் துவைத்துக் கொடியில் போட்டார்கள். பதினோரு வீடுகள் அந்தச் சட்டையால் கிடைத்தவை. மஸ்கட்டில் இருக்கிறவர் சட்டை உறையூரில் எப்படி வாராவாரம் அழுக்காகிறது என்று ஒரு ஓனரும் கேட்டதில்லை.

"தகவல் சொல்லிட்டோம். கிளம்பிட்டாராம்," என்றார் வார்டன்.

சனிக்கிழமை ராஜமாணிக்கம் வந்தார். கையில் பெட்டி. வயது முப்பத்து நாலு, அவரைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தபோது வைத்த வயது. நீலக் கட்டச் சட்டை, இரண்டு தோளிலும் கொடிக் கிளிப் பதிந்த தடம். ஓனர்களிடம் சௌந்திரம் அவரைக் குள்ளம் என்றும் பிலோமினா உயரம் என்றும் சொல்லி வைத்திருந்ததால், உட்கார்ந்தால் குள்ளமாகவும் எழுந்தால் உயரமாகவும் இருந்தார்.

இல்லத்தில் அவருக்கு ராஜ மரியாதை. சௌந்திரத்தின் சுகரைப் பற்றி சௌந்திரத்திடம் ஒரு வார்த்தை பேசாத டாக்டர், அவரிடம் அரை மணி நேரம் விளக்கினார். அன்றே பெரிய அறை, இரட்டைக் கட்டில். காரிடார் ஒரே நாளில் ஒரு மைல் நீண்டது. புருஷன் வந்த பிறகு தோழிகள் அப்படித்தான் என்றார் வார்டன்.

சௌந்திரத்துக்குத் தினமும் கண்ணில் மருந்து விட வேண்டும். பிலோமினாதான் விடுவாள்.

"மருந்து விடத் தெரியுமா?" என்று சௌந்திரம் அவரிடம் கேட்டாள்.

"பொங்கலுக்கு வர்றேன்," என்றார் ராஜமாணிக்கம்.

"டாக்டர் என்ன சொன்னாரு?"

"பொங்கலுக்கு வர்றேன்."

அவரைப் பற்றி அவர்கள் ஓனர்களிடம் அதிகம் சொன்னது அதைத்தான்.

ஞாயிறு விசில் வரவில்லை. திங்களும் வரவில்லை. செவ்வாய்க்கிழமை சௌந்திரம் அவர் கையைப் பிடித்து வார்டன் அறைக்கு இழுத்துக்கொண்டு போனாள். அவர் மறுக்கவில்லை. மறுக்கிறவர் என்று யாரும் சொன்னதில்லை.

"இது சட்டை," என்றாள்.

வார்டன் நிமிர்ந்து பார்த்தார். "உங்க வீட்டுக்காரரும்மா."

"சட்டை. நான் நாப்பத்தோரு வருஷமா குடும்பம் நடத்துறது பிலோமினாகூட."

"அப்படி ஒரு உறவு பட்டியல்ல இல்லையே."

"பட்டியல்ல இல்லாமத்தான் நடத்துனோம். எழுதிக்கங்க."

வார்டன் பேனா மூடியைக் கழற்றினார், மாட்டினார், மறுபடி கழற்றினார். சுவருக்குப் போய் அறுபத்தைந்து என்று எண் போட்டு, சௌந்திரம் சொன்னதை அப்படியே எழுதினார். சௌந்திரம் சட்டையின் மேல் பட்டனைக் கழற்றினாள். ஐந்தாவது பட்டனில் ராஜமாணிக்கம் தீர்ந்துபோனார். போகிற நேரத்தில் "நன்றிங்க" என்றார். யாரும் சொல்லிக் கொடுக்காமல் அவர் பேசியது அது ஒன்றுதான்.

காரிடார் புடவைக் கொசுவம் மாதிரி மடங்கி மடங்கி வந்தது. வழியில் தங்கிக் கிடந்த விசில்கள் எல்லாம் ஒரே நேரத்தில் வந்து விழுந்தன. வார்டன் காதைப் பொத்திக்கொண்டார். வாசலில் பிலோமினா நின்றாள். ஒரு கையில் வாக்கர், மறு கையில் மருந்து பாட்டில்.

"ஊதி ஊதிப் பல்லு ஆடுது. காதுல பஞ்சா வச்சிருந்தே?" என்றாள். "அண்ணாந்து பாருடி."

ஞாயிற்றுக்கிழமை பழக்கதோஷத்தில் சட்டையைத் துவைத்துக் கொடியில் போட்டார்கள். யாருடைய சட்டை என்று வார்டன் கேட்டார். தெரியாது என்று இருவரும் ஒரே குரலில் சொன்னார்கள்.

இப்போது சட்டைக்கு வேறொரு காரிடாரின் கடைசி அறையை ஒதுக்கியிருக்கிறார்கள். டாக்டர் வாராவாரம், போன வாரத்தைவிட எழுபது அடி கூடுதலாக நடந்துபோய், சௌந்திரத்தின் சுகரைப் பற்றி அதனிடம் சொல்லிவிட்டு வருகிறார்.