பெட்டிக்குள் போன முத்திரை

கட்டட வரைபடம் போட்டுக் கொடுக்கும் அந்தக் குடும்ப அலுவலகத்தில், பெரியவர் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்ததை யாரும் பார்த்ததில்லை. அன்று காலை வந்த கடிதத்தைப் படித்ததும் முதுகு இன்னும் விறைத்தது. மருத்துவமனை ஒன்றைக் கட்டும் நிறுவனம் எழுதியிருந்தது: உங்கள் வரைபடங்களைத் திறந்த பிறகுதான் எங்கள் கம்ப்யூட்டர்களில் வைரஸ் பரவியதாகச் சந்தேகிக்கிறோம், மாலை நான்கு மணிக்குள் விளக்கம் வராவிட்டால் இனி உங்களிடம் வேலை தர இயலாது.

"மூணு தலைமுறையா நம்ம கோடு ஒண்ணு கோணல்னு எவனும் சொன்னதில்ல. இப்போ ஊருக்கு நோய் பரப்புற குடும்பமாயிட்டோமா?"

"நோய் இல்லப்பா, வைரஸ்," என்றான் மகன்.

"நீ வாயை மூடிட்டு உன் வேலையைப் பாரு."

மருமகள் அதற்குள் தன் கம்ப்யூட்டரில் ஒரு சாண்ட்பாக்ஸைத் தயார் செய்திருந்தாள். கம்ப்யூட்டருக்குள்ளேயே நாலு பக்கமும் சுவர் எழுப்பி, பெட்டி மாதிரி அடைத்து வைத்த இன்னொரு கம்ப்யூட்டர் அது. இணையம் கிடையாது. உள்ளே என்ன வெடித்தாலும் வெளியே புகை வராது.

"நம்ம வரைபடத்தையெல்லாம் இதுக்குள்ள நகல் எடுத்துப் போட்டு, ஒவ்வொண்ணா திறந்து பார்க்கலாம் மாமா."

"நகலை வச்சு எப்படிம்மா நியாயம் சொல்லுவே? அசலைப் போடு."

"அசல் வெளியில பத்திரமா இருக்கணும். அந்த ஃபோல்டரையே உள்ள திறந்துவிட்டா, அங்க நடக்கிற கூத்து இங்கயும் வந்துடும். நகல்னா கெட்டாலும் நகலோட போயிடும்."

அவருக்கு முழுசாக உடன்பாடில்லை. ஆனாலும் அவள் தோளுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார். திரையில், நகல் ஏறுவதைக் காட்டும் பச்சைக் கோடு மெல்ல நகர்ந்தது. முப்பத்தேழு வரைபடங்கள் உள்ளே போயின. அவள் ஒவ்வொன்றாகத் திறந்தாள். ஒன்றிலும் குற்றமில்லை.

"சொன்னேனா இல்லையா? எழுது கடிதம். நல்லா உறைக்கிற மாதிரி எழுது."

மருமகள் எழுதவில்லை. கீபோர்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மாமா, இதெல்லாம் முத்திரை போடுறதுக்கு முன்னாடி இருந்தது."

முடித்த வரைபடத்தின் மூலையில் குடும்ப முத்திரையைக் கம்ப்யூட்டரிலேயே பதித்து வெளியே அனுப்புவது பெரியவர் ஒருவர்தான், அதுவும் அவருடைய கம்ப்யூட்டரிலிருந்துதான். அந்த மேசையைத் துடைக்கக்கூட அவர் வேறொருவரை விட்டதில்லை. மகன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"என்னைச் சோதிக்கணும்ங்கிறியா?"

"உங்களை இல்ல மாமா. அந்த ஃபைலை."

முடியாது என்று சொல்லிவிடலாம். இந்த வீட்டில் அவர் முடியாது என்றால் முடியாதுதான். மணி இரண்டரை. எழுந்து போனார். முத்திரை போடும் அந்தச் சின்ன ஃபைலைத் தன் கையாலேயே பென் டிரைவில் ஏற்றிக்கொண்டு வந்து நீட்டினார்.

அவள் அதை வேறெங்கும் திறக்காமல் நேரே பெட்டிக்குள் சேர்த்து, ஒரு வரைபடத்துக்கு முத்திரை போட்டாள். முத்திரை அழகாக விழுந்தது. பிறகு ஃபோல்டரைப் பார்த்தால், யாரும் தொடாத மற்ற முப்பத்தாறும் அந்த நிமிடத்தில் திருத்தப்பட்டதாகக் காட்டின. ஒன்றைத் திறந்தாள். திரை உறைந்து நின்றது. வெளியே அசல்கள் அப்படியே இருந்தன.

பெரியவரின் முகம் சுண்டிப்போனது.

"போன மாசம் பழைய முத்திரை வேலை செய்யல," என்றார் மெதுவாக. "உங்ககிட்ட வந்து கேட்கக் கூச்சமா இருந்துச்சு. இலவசமா மாத்தித் தர்றோம்னு ஒருத்தன் இணையத்துல போட்டிருந்தான். அவன் மாத்திக் கொடுத்த ஃபைல்தான் இது."

"விடுங்கப்பா," என்றான் மகன். "எங்க தப்பு இல்லைன்னே எழுதிடலாம். நம்ம வரைபடம் சுத்தம்தானே? அது பொய்யும் இல்ல."

"முத்திரை யாரோடது?"

பெரியவர் போனை எடுத்தார், நின்றுகொண்டே பேசினார். எந்த ஃபைல், எந்தத் தேதி, யார் செய்த தப்பு, எதையும் மென்று விழுங்கவில்லை. மறுமுனையில் அந்த நிறுவனத்தின் பொறியாளர் அம்மா எல்லாவற்றையும் குறித்துக்கொண்டார்.

"இதே கடிதத்தை அஞ்சு பேருக்கு அனுப்பினோம் ஐயா. நாலு பேரும் எங்களோடது இல்லைன்னு ஒரே வரியில முடிச்சிட்டாங்க. எதைத் தேடணும்னே தெரியாம மூணு நாளா முழிச்சுட்டிருந்தோம். கண்டுபிடிச்சதை எழுதி அனுப்புங்க. மேலிடத்துல நான் பேசறேன். புது வரைபடத்தைத் திங்கட்கிழமைக்குள்ள கொடுக்க முடியுமா?"

"முடியும்," என்றார்.

மருமகள் அவர் கம்ப்யூட்டரைத் துடைத்துச் சுத்தமாக்க இரண்டு நாளாயிற்று. திங்கட்கிழமை காலை அவர் முத்திரையைப் புதிதாகத் தானே கம்ப்யூட்டரில் வரைந்து முடித்தார். மருமகள் அதை எடுத்து வரைபடத்தில் சேர்க்கப் போனாள்.

"நில்லும்மா. பெட்டிக்குள்ள போட்டுப் பார்த்தியா?"

"நீங்க கையால வரைஞ்சதுதானே மாமா?"

"அதனாலதான் சொல்றேன். என்னோடது முதல்ல போகட்டும்."

பச்சைக் கோடு நகர்ந்தது. அது முடியும்வரை அவர் பக்கத்திலேயே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தார், சாயாமல்.