முதல் பத்திரிகை

கட்டியிருந்த நூல் அறுந்து பத்திரிகைகள் தரையில் சரிந்தன. பொறுக்கலாம் என்று சுமலதா குனிந்தாள். விரல் தரையைத் தொட ஒரு சாண் இருக்கும்போதே மாதேஸ்வரியின் குரல் வந்தது.

"தொடாத."

கத்தவில்லை. கத்தியிருந்தால் சுமலதாவுக்குப் பழகிப்போன விஷயம். மாதேஸ்வரி மெல்லச் சொன்னாள், பாம்பை மிதிக்கப் போகிறவளிடம் சொல்கிற மாதிரி.

"உன் கை பட்டுச்சின்னா இந்தக் கல்யாணம் நடக்காது. தள்ளிப் போ."

சுமலதா சுவரோரம் ஒதுங்கி நின்றாள். அவளுடைய ஓரகத்தியான மாதேஸ்வரி முட்டி போட்டு உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கி, ஊதி, அடுக்கினாள். மொத்தம் ஐம்பது பத்திரிகை. ஒரு பக்கம் தமிழ், மறுபக்கம் கன்னடம். ஆனேக்கல்லில் அச்சடித்தது. ஓசூரில் அடித்தால் அச்சுக்காரன் பெண்ணுக்கு வயசு என்ன என்று கேட்பான். எல்லைக்கு அந்தப் பக்கம் போனால் கேட்க ஆளில்லை என்று மாதேஸ்வரியின் புருஷன் கிருஷ்ணப்பன் கணக்குப் போட்டிருந்தான். கல்யாணமும் அந்தப் பக்கம்தான்.

கல்யாணம் சுமலதா பெற்ற பெண் அனுப்ரியாவுக்கு. வயசு பதினாறரை. பதினொண்ணாம் வகுப்பு. அரைப்பரீட்சை லீவு முடிந்து பள்ளிக்கூடம் திறந்தபோது அவளுக்கு மட்டும் திறக்கவில்லை. மாப்பிள்ளை மாதேஸ்வரியின் தம்பி அஜித்குமார். ஆனேக்கல்லில் டெம்போ ஓட்டுகிறான். முப்பத்தொண்ணு முடிந்துவிட்டது.

பெற்றவள் பத்திரிகையைத் தொடக்கூடாது. மஞ்சள் தடவக்கூடாது. முகூர்த்தக்கால் நடும்போது பின்கட்டில் இருக்க வேண்டும். எட்டு வருஷம் முன்னால் தாலி அறுத்த கை. அந்தக் கைதான் தொரப்பள்ளிப் பக்கம் ரோஜாப் பண்ணையில் நாளுக்கு ஆயிரத்துக்கு மேல் பூவை முள் வாரிக் கட்டுகிறது. அந்தப் பூ விமானம் ஏறி எந்தெந்த ஊர்க் கல்யாணத்துக்கோ போகிறது. அங்கே யாருக்கும் தாலி அறுந்ததாகத் தகவல் இல்லை. சனிக்கிழமை அவள் கொண்டுவரும் கூலியை மாதேஸ்வரி வாங்கி எச்சில் தொட்டு எண்ணுவாள். அந்தப் பணத்துக்குத் தீட்டு கிடையாது.

எட்டு வருஷம் முன்னால் அவள் புருஷன் மாதவன் முதல் ஷிப்டுக்குக் கிளம்பி, அத்திப்பள்ளி ரோட்டில் கண்டெய்னர் லாரிக்கு அடியில் போனான். நஷ்டஈடு கேஸ் போட வேண்டும் என்றார்கள். கருமாதி ஆகி மூணு மாசம் வரைக்கும் புருஷனைப் பறிகொடுத்தவள் வாசற்படி தாண்டக்கூடாது என்பது அந்தத் தெருவின் வழக்கம். கோர்ட்டுக்கு எப்படிப் போவாள்? மாதவனின் அண்ணன் கிருஷ்ணப்பன் போனான். அனுப்ரியா மைனர், அவளுக்குக் கார்டியன் என்று அவனே கையெழுத்துப் போட்டான். வக்கீல் அனுப்பிய தாளில் சுமலதா மூலையில் உட்கார்ந்தபடியே பேர் எழுதினாள். என்ன தாள் என்று அவள் கேட்கவில்லை. கேட்கிற நிலையில் யார் இருந்தார்கள்?

நாலு வருஷம் இழுத்துப் பணம் வந்தது. சுமலதா பங்கு வீட்டுக்கு மேல்தளமாகவும் கிருஷ்ணப்பன் பையனுக்கு டிப்பராகவும் மாறியது. அதற்கும் அவள்தான் கையெழுத்து. கோர்ட்டும் பேங்க்கும் சொந்தக்காரனும் ஒரே ஜாதி. கையெழுத்து வாங்கும் வரைக்கும் உட்கார நாற்காலி போடுவார்கள்.

பெண் பங்கில் மட்டும் கை வைக்க முடியவில்லை. பதினொரு லட்சம். பதினெட்டு வயசு முடிகிற வரைக்கும் பேங்க்கில் கிடக்க வேண்டும் என்று ஜட்ஜ் எழுதிவிட்டார். மூணு மாசத்துக்கு ஒருமுறை வட்டி மட்டும் கார்டியன் கணக்குக்கு வரும். இன்னும் ஒன்றரை வருஷம் போனால் அவள் தானே போய்க் கையெழுத்துப் போட்டு எடுத்துக்கொள்வாள்.

கிருஷ்ணப்பனுக்குத் தூக்கம் கெட்டது அங்கேதான். அவனை ராட்சசன் என்று சொல்ல முடியாது. தம்பி உடம்பை ஆஸ்பத்திரியிலிருந்து தோளில் தூக்கிவந்தவன் அவன். எட்டு வருஷம் இரண்டு பேருக்குச் சோறு போட்டதாக அவனே நம்பினான். குடும்பத்துப் பணம் குடும்பத்தை விட்டுப் போகக்கூடாது, பெண்ணை மச்சானுக்குக் கட்டினால் போகாது. அவ்வளவுதான் அவன் நியாயம். அதற்கு முன்னால் மைனர் பெண்ணின் படிப்புச் செலவு என்று ஒரு மனு போட்டு, முடிந்த மட்டும் எடுத்துவிட வேண்டும். மனுவும் போட்டாயிற்று. ஜட்ஜ் ஒன்றே ஒன்று சொல்லியிருந்தார்: பெண்ணோட அம்மா நேரில் வரட்டும்.

வெள்ளிக்கிழமை வாய்தா.

வியாழக்கிழமை சாயந்திரம் கிருஷ்ணப்பன் அவளை உட்கார வைத்து, சொல்ல வேண்டியதைச் சொல்லிக் கொடுத்தான். ஜட்ஜ் என்ன கேட்டாலும் ஒரே பதில்: சம்மதம்ங்கம்மா. சுமலதா மூன்று தரம் சொல்லிக் காட்டினாள். மூன்று தரமும் குரல் வேறு மாதிரி வந்தது. அவன் கொஞ்ச நேரம் அவள் முகத்தையே பார்த்தான். பிறகு வாசலைக் காட்டினான். அஜித்குமாரின் டெம்போ புளியமரத்தடியில் நின்றுகொண்டிருந்தது. அவன் உள்ளே உட்கார்ந்து போனில் யாரிடமோ கன்னடத்தில் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தான்.

"இதப் பாரு சுமா. நீ அங்க எதுனா உளறினீனா, நாம திரும்பி வர்றதுக்குள்ள உம் பொண்ணு ஆனேக்கல்ல இருப்பா. தாலி கட்டறதுக்கு மண்டபம்தான் வேணும்னு எவனும் சட்டம் போடல."

ரோஜாப் பண்ணையில் ஒருத்தி சுமலதாவிடம் ஒரு போன் நம்பர் சொல்லியிருந்தாள். குழந்தைக் கல்யாணம் என்று சொன்னால் ஆபீசர்கள் வந்து நிறுத்துவார்களாம். நம்பரை மனப்பாடமாகவே வைத்திருந்தாள். ஆனால் போன மாசி மாசம் பக்கத்து ஊரில் ஒரு தாய் அப்படித்தான் கூப்பிட்டாள். ஆபீசர் வந்தார், எழுதிக்கொண்டார், போனார். யார் சொன்னது என்பது மறுநாளே தெருவுக்குத் தெரிந்துவிட்டது. பெண்ணை ராத்திரியோடு ராத்திரியாகக் கொண்டுபோய்க் கட்டி வைத்தார்கள். தாய்க்கு இன்றைக்கும் தெருக்குழாயில் குடம் வைக்க இடமில்லை. நம்பரை அழுத்த நினைக்கும்போதெல்லாம் சுமலதாவுக்கு அந்தக் காலிக்குடம்தான் கண்ணில் நின்றது.

வெள்ளிக்கிழமை காலையில் அனுப்ரியாவைக் கூடத்தில் உட்கார வைத்து மாதேஸ்வரி தலை பின்னிக்கொண்டிருந்தாள். பின்னல் முடிந்தும் சடையின் நுனியை அவள் கை விடவில்லை. பெண் திரும்பாமலே கேட்டாள்.

"அம்மா, சீக்கிரம் வந்துருவியில்ல?"

"வந்துருவன் கண்ணு."

அதற்கு மேல் பேசினால் அழுகை வந்துவிடும். அழுதால் கிருஷ்ணப்பனுக்குச் சந்தேகம் வரும். சுமலதா செருப்பைத் தேடுவதுபோல் குனிந்துகொண்டாள்.

போகிற வழியில் இன்னொரு வேலையும் இருந்தது. முதல் பத்திரிகை மனுஷர் கைக்குப் போகக்கூடாது, சாமிக்குத்தான். நாலு மூலையிலும் மஞ்சள் தடவி, மலைக்கோயிலில் சாமி பாதத்தில் வைத்து எடுத்த பிறகுதான் சொந்தங்களுக்குக் கொடுக்க ஆரம்பிக்க வேண்டும். வெள்ளிக்கிழமை பத்தரையிலிருந்து பன்னிரண்டு ராகு காலம். அதனால் கோர்ட்டு முதலில், கோயில் பிறகு. மாதேஸ்வரி மஞ்சள் தடவிய பத்திரிகையை ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு, கேஸ் கட்டு இருந்த மஞ்சப்பையில் கிருஷ்ணப்பன் கையாலேயே வைக்கச் சொன்னாள். பைக்கை ஓட்டுகிறவன் பையை எப்படிப் பிடிப்பான்? பை சுமலதா மடிக்கு வந்தது. பையைத் தொடலாமாம். கவருக்குள் இருப்பதைத்தான் தொடக்கூடாதாம்.

பைபாஸில் கம்பெனி பஸ்கள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. கண்டெய்னர் லாரி ஒன்று பக்கத்தில் உரசுகிற மாதிரி கடந்தபோது அவள் பையை இறுக்கி நெஞ்சோடு அணைத்தாள். உள்ளே பத்திரிகை மடங்குகிற சத்தம் கேட்டது. நேற்று மாதேஸ்வரி சொன்னது அப்போதுதான் அவளுக்கு வேறு மாதிரி விளங்கியது. உன் கை பட்டுச்சின்னா இந்தக் கல்யாணம் நடக்காது. திட்டாகத்தான் அதை நேற்றுக் கேட்டாள். இப்போது யாரோ வழி சொன்னதுபோல் இருந்தது. நினைத்தது கிருஷ்ணப்பன் முதுகுக்குக் கேட்டிருக்குமோ என்று பயந்தாள்.

கோர்ட்டு வராந்தாவில் வக்கீல் பையிலிருந்து கேஸ் கட்டை மட்டும் உருவிக்கொண்டார். பை அவளிடமே தங்கியது. ஹாலுக்குள் போனை அணைக்கச் சொன்னார்கள். கடைசி பெஞ்சில் கிருஷ்ணப்பன் அவளை ஒட்டி உட்கார்ந்தான். பத்தேமுக்காலிலிருந்து பதினொன்றரை வரைக்கும் உட்கார்ந்திருந்தார்கள். அந்த முக்கால் மணி நேரமும் அவள் கை பையின் வாயில்தான் இருந்தது. உள்ளே போகவில்லை. போனால் கவர் சரசரக்கும். சரசரத்தால் அவன் திரும்புவான். திரும்பினால் அவன் எழுந்து வெளியே போய் ஒரே ஒரு போன் பண்ணுவான்.

பேர் கூப்பிட்டார்கள். கிருஷ்ணப்பன் எழுந்து வேட்டியைச் சரிசெய்த அந்த ஒரு நொடியில் அவள் கை உள்ளே போய்க் கவரை முந்தானைக்குள் இழுத்தது.

ஜட்ஜம்மா நடுவயசு. கண்ணாடியைத் தாழ்த்தி மனுவைப் படித்தார். நர்ஸிங் சீட்டுக்கு முன்பணம் என்று வக்கீல் சொன்னார். பதினொண்ணாவதே முடிக்காத பெண்ணுக்கு இப்போதே என்ன சீட்டு என்று ஜட்ஜம்மா கேட்டார். இப்போதெல்லாம் முன்னாலேயே பிடித்து வைக்கிறார்கள் என்று வக்கீல் இழுத்தார். ஜட்ஜம்மா அவரை விட்டுவிட்டு சுமலதாவைப் பார்த்தார்.

"நீங்கதானே அம்மா? இந்தப் பணத்தை எடுக்க உங்களுக்குச் சம்மதமா?"

சம்மதம்ங்கம்மா. மூன்று தரம் சொல்லிப் பார்த்தது. ஒரு வார்த்தை. சொல்லிவிட்டால் பைக்கில் ஏறி வீட்டுக்குப் போகலாம், பெண் வாசலில் நிற்பாள், இன்றைக்கு ராத்திரி இருவரும் ஒரே பாயில் படுக்கலாம். சுமலதாவின் வாய் திறந்தது. சத்தம் வரவில்லை. பக்கத்தில் கிருஷ்ணப்பன் தொண்டையைச் செருமினான்.

அவள் முந்தானைக்குள்ளிருந்து கவரை எடுத்தாள். பத்திரிகையை உருவிய வேகத்தில் கவர் கீழே விழுந்தது. பத்திரிகை மட்டும் கையில் நின்றது. இரண்டு கையாலும் பிடித்து, வீடு வீடாகப் போய்ப் பத்திரிகை வைக்கிறவர்கள் நீட்டுகிற மாதிரியே நீட்டினாள். கிளார்க் வாங்கி மேலே கொடுத்தார்.

ஜட்ஜம்மா பத்திரிகையைப் படித்தார். மனுவைப் புரட்டிப் பிறந்த தேதியைப் பார்த்தார். மறுபடி பத்திரிகையைப் படித்தார்.

"பொண்ணு இப்ப எங்க இருக்கா?"

இதற்கு அவளுக்குக் குரல் வந்தது.

"வீட்லதாங்கம்மா. வாசல்ல டெம்போ நிக்குது. இவரு ஒரு போன் போட்டா ஏத்திக்கினு போயிருவாங்க."

கிருஷ்ணப்பன் கை சட்டைப்பைக்குப் போயிருந்தது. அங்கே நின்ற போலீஸ்காரர் அவன் மணிக்கட்டைப் பிடித்தார். போன் அணைந்துதான் இருந்ததா, பையில் விட்டபடியே ஏதாவது பித்தானை அழுத்திவிட்டானா, சுமலதாவுக்குத் தெரியவில்லை. ஜட்ஜம்மா யாரையோ அழைத்து ஸ்டேஷனுக்கு வீட்டு விலாசத்தைக் கொடுக்கச் சொன்னார். மனுவில் இன்றைக்கு உத்தரவு இல்லை என்றார். கார்டியனாக இவரே இருப்பதா என்பதைத் தனியாகப் பார்க்கிறேன் என்றார். சுமலதா காதில் எதுவும் ஏறவில்லை. டெம்போ மட்டும் மனசுக்குள் கிளம்பிக் கிளம்பி நின்றது.

வராந்தா பெஞ்சில் உட்கார வைத்தார்கள். எதிர்ப் பெஞ்சில் கிருஷ்ணப்பன், பக்கத்தில் போலீஸ்காரர். அவன் அவளைத் திட்டவில்லை. ஒரே ஒரு தரம் மட்டும் சொன்னான், "எட்டு வருஷம் சோறு போட்டன்." இன்றைக்கு ராத்திரி எங்கே படுப்பது என்றுகூட அவள் யோசிக்கவில்லை. ஆனேக்கல்லுக்கு எத்தனை நிமிஷம் என்றுதான் யோசித்தாள். டிராஃபிக் இருந்தால் முக்கால் மணி. இல்லாவிட்டால் அரை மணியும் ஆகாது.

மலைக்கோயில் நடை சாத்துகிற நேரம் கடந்தது.

போனை மறுபடி ஆன் பண்ணி மடியில் வைத்திருந்தாள். அது அதிர்ந்தது. 'அக்கா' என்று வந்தது. எடுக்கக் கை வரவில்லை. பெண்ணை ஏற்றிக்கொண்டு போய்விட்டோம் என்று சொல்லத்தான் கூப்பிடுகிறாள் என்று நினைத்தாள். நாலாவது மணியில் எடுத்துக் காதில் வைத்தாள்.

மாதேஸ்வரி மூச்சிரைத்தாள். இரண்டு பொம்பளைப் போலீஸ் வந்தார்களாம். டெம்போ சாவியைப் பிடுங்கிக்கொண்டார்களாம். அனுப்ரியாவை ஜீப்பில் ஏற்றி ஓசூருக்குக் கூட்டிப் போகிறார்களாம். அந்தப் பெண் போகும்போது பள்ளிக்கூடப் பையையும் தூக்கிக்கொண்டு போகிறதாம். தெருவே வாசலில் நிற்கிறதாம். பேச்சு நடுவில் நின்றது. மறுபடி வந்தபோது குரல் இறங்கியிருந்தது, நேற்றைப் போலவே.

"ஏ சுமா. அந்தப் பத்திரிகைய நீ தொட்டியா?"

சுமலதா தன் கைகளைப் பார்த்தாள். பெருவிரல் இரண்டிலும் மஞ்சள் ஒட்டியிருந்தது.

"தொட்டேங்க்கா," என்றாள். "ரெண்டு கையாலயும் தொட்டேன்."