பத்தடிக் கம்பி

அரசு மருத்துவமனை மாடியில் சோலார் பலகைகள் வரிசையாக ஏறிவிட்டன. கீழே பின்சுவர் ஓரம் எர்த் குழி. கசிகிற மின்சாரத்தை மண்ணுக்குள் இழுத்துக்கொள்ள அங்கே பத்தடிக் கம்பி இறங்க வேண்டும். நாலடியில் பாறை. கூலியாள் நெட்டையன் ஒரு நாள் முழுக்க அடித்துப் பார்த்தான். கை கொப்பளித்ததுதான் மிச்சம்.

"இதையே கட்டிப் பிடிச்சுக்கிட்டு எத்தனை நாள் நிப்பே? அறுத்துடு" என்றார் மேஸ்திரி. "மேல அரையடி தெரிஞ்சாப் போதும். பூமிக்குள்ள எவன் எட்டிப் பாக்கப் போறான்?"

அறுத்தான். மிச்சத்தை மேஸ்திரி சாக்கில் சுற்றி வண்டியில் போட்டுவிட்டார்.

அதோடு மறந்திருப்பான். மறுநாள் காலை மாடி ஏறினால், பலகை தாங்கும் இரும்புச் சட்டத்தில் அவன் அக்கா ஈரப் போர்வைகளை விரித்துக்கொண்டிருந்தாள். அங்கே துணி துவைப்பது அவள் வேலை. பெரிய டாக்டரிடம் கெஞ்சி இந்த வேலையை அவனுக்கு வாங்கிக் கொடுத்ததும் அவள்தான்.

"இதுல காயப்போடாதேக்கா."

"ஏன், உன் பாட்டன் சொத்தா? என் கொடியெல்லாம் அவுத்துட்டு இதை நட்டு வச்சீங்க. இனி என் தலையிலயா காயப்போட?"

"கரண்டு அடிக்கும்."

"அதுக்குத்தான் மண்ணுக்குள்ள கம்பி இறக்கியிருக்காமே. பயமே இல்லைன்னு உங்க மேஸ்திரி சொன்னாரு."

அறுத்ததைச் சொன்னால் அவன் பிழைப்பு போகும். சொல்லாமல் விட்டால், என்றைக்காவது ஒயர் தோலுரியும்போது சட்டத்தைத் தொடுகிற ஈரக் கை அக்காவுடையதாக இருக்கும்.

பதினொரு மணிக்குச் சோதனைக்காக மின்வாரிய அதிகாரி வந்தார். எர்த்தை அளக்கிற மீட்டருக்கு பேட்டரி தீர்ந்துவிட்டதாம். குழியை எட்டிப் பார்த்தபடியே கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்தார்.

"பத்தடிதானே?"

"சுத்தமா பத்தடி சார். வேணும்னா இறக்கினவனையே கேளுங்க" என்றார் மேஸ்திரி, நெட்டையன் தோளில் கைபோட்டு.

நெட்டையன் அந்தக் கையை விலக்கினான். குழியோரம் மண்டியிட்டுக் கம்பியைப் பிடித்து இரண்டு முறை அசைத்து இழுத்தான். குழியில் நிரப்பியிருந்த கரித்தூள் சிதற, முழுக் கம்பியும் கையோடு வந்துவிட்டது.

"நாலரைதான் சார். நான்தான் அறுத்தேன்."

அதிகாரி பேனாவை மூடினார். "பத்தடி இறக்கிட்டுக் கூப்பிடுங்க. அதுவரைக்கும் சுவிட்சைத் தொடக்கூடாது." அவர் வண்டி போய்விட்டது.

மேஸ்திரி கத்தவில்லை. "பாறை இல்லாத இடமாப் பாத்து இன்னைக்கே தோண்டு. நாளைக்கு வந்துடாதே."

விஷயம் கேள்விப்பட்டு அக்கா படியிறங்கி வந்தாள். அவன் காப்பாற்றியது அவளைத்தான். அது அவளுக்குப் பிடிபட்டதா என்று முகத்தில் தெரியவில்லை.

"பெரிய டாக்டர் மூஞ்சில நான் எப்படிடா முழிப்பேன்? அறுக்கும்போது எங்க போச்சு இந்தப் புத்தி?"

அவன் சுவரைவிட்டுத் தள்ளிப் போய்த் தோண்டத் தொடங்கினான். குழி மார்பளவு ஆனபோது மேஸ்திரி யாரிடமோ போனில் பேசுவது கேட்டது. அவன் காதில் விழட்டும் என்றே உரக்கப் பேசினார்:

"நாளைக்கு ஒரு ஆள் அனுப்புப்பா. சொன்னதைச் செய்யறவனா இருக்கட்டும்."