கடை வழி

1

இந்தக் கதை ஒரு 'க்கு'வில் ஆரம்பித்தது. சத்தியமாக. இரண்டாயிரத்து ஆறில், மேம்பாலத்துக்காகத் தாம்பரத்தில் சாலையைத் தோண்டியபோது, தகரத் தடுப்புக்குப் பின்னால் மாட்டிக்கொண்ட கடைக்காரர்களுக்கு உதவ, பாலம் கட்டும் ஆபீசில் என்னை வேலைக்கு எடுத்தார்கள். உதவி என்றால் கடைக்கு ஒரு பலகை. அவ்வளவுதான்.

வேறொரு தொடக்கமும் எழுதியிருந்தேன்: 'ஜி.எஸ்.டி. ரோட்டில் மழை பெய்துகொண்டிருந்த ஒரு மாலையில்—' மழை பெய்யவில்லை. அடித்துவிட்டேன்.

2

ஞானஜோதி அக்காவுக்கு போட்டோ ஸ்டூடியோ. [அவரை இன்னும் பரிதாபமாக எழுதச் சொன்னாள் தோழி ஜெயஸ்ரீ. முடியாது. அக்கா பரிதாபத்துக்கு ஆள் இல்லை.] தகரம் அடித்த பிறகு அவர் கடைக்குப் போக ஓர் ஆள் நுழையும் சந்துதான் மிச்சம். யாரும் நுழையவில்லை. இப்படியே போனால் காலி செய்ய வேண்டியதுதான்.

சந்து முனையில் 'கடைக்கு வழி' என்று எழுதி அம்புக்குறி போடச் சொன்னேன். பெயின்டர் குப்புராஜ் 'கடை வழி' என்று எழுதிவிட்டார்.

"அண்ணா, 'க்கு' எங்கே?"

"தகரம் சிறுசும்மா. எடம் பத்தல. படிச்சவங்களுக்குப் புரியும், வுடு."

"படிச்சவளுக்குத்தான் வேற மாதிரி புரியுது. கடைவழின்னா மனுஷன் கடைசியா போற வழி. சாவு."

என்ஜினியர் ஜீவானந்தம் சிரித்தார். "ரெண்டும் ஒண்ணுதான். மாட்டுங்க." (எங்கள் வீட்டில் முதன்முதலாகக் காலேஜ் போனவள், தமிழ் பி.ஏ., 'க்கு'வுக்காகச் சண்டை போடுகிறாள். சிரிப்பு வரத்தான் செய்யும்.)

3

பலகை மாட்டியதும் ஆட்கள் வர ஆரம்பித்தார்கள்.

நான் கடையில் இருந்தபோது ஒருவன் வந்தான். மறைமலை நகர் கம்பெனி யூனிஃபார்ம். பாஸ்போர்ட் போட்டோ கேட்டான். ஸ்டூலில் உட்கார்ந்து முகத்தை நிமிர்த்தியவன், "பெருசா போடுங்கக்கா. சுத்தி மாலை போட எடம் வுட்டு எடுங்க" என்றான்.

ஃபிளாஷ் அடித்தது.

"நான் இப்ப இன்னா சொன்னேன்?"

"ஒண்ணும் சொல்லல. அசையாத" என்றார் அக்கா.

கிளம்பும்போது, எல்லோரும் சொல்வதுபோல 'வரேன்' என்று அவன் சொல்லவில்லை. "போறேங்க்கா" என்றான். படத்தை வாங்க அவன் அண்ணன்தான் வந்தார். கண்ணெல்லாம் வீங்கியிருந்தது. மாலைக்கு இடம் சரியாக இருந்தது.

"எல்லாரும் இப்படித்தானாக்கா?"

"படம் எடுத்துக்கினு போனவங்க யாரும் திரும்பி வந்ததில்ல. படத்த வாங்க வூட்ல இருந்து யாராவது வருவாங்க."

4

இந்த இடத்தில் நான் பயந்துபோய்—

இல்லை. கோபம்தான். 'க்கு' எழுதிவிட பெயின்ட் டப்பாவைத் தூக்கினேன். அக்கா சந்தில் குறுக்கே நின்றார்.

"போர்டுல கைய வச்சே, தெரியும் சேதி. தகரம் அடிச்சப்ப ஈ ஓட்டிகினு கெடந்தேன். அப்ப எங்க போச்சு உங்க ஆபீசு? இவங்கள நானா கூப்ட்டேன்? எழுதுனது நீங்கதான்."

"அக்கா, செத்துப் போறாங்க."

"போர்டு இல்லன்னா சாவ மாட்டாங்களா? யோசிச்சு சொல்லு."

யோசித்தேன். பலகை அவர்களைச் சாகடிக்கிறதா, சாகப்போகிறவர்களை மட்டும் கூப்பிடுகிறதா? இப்போது வரை தெரியாது. தெரியாமல் ஒரு கதையை எப்படி முடிப்பது?

5

முடிவு ஒன்று: 'க்கு' எழுதிவிடுகிறேன். ஆட்கள் நின்றுபோகிறார்கள். அக்கா கடையைக் காலி செய்கிறார். பாலம் திறக்கிறது, வண்டிகள் எல்லாம் மேலே போகின்றன.

முடிவு இரண்டு: ஜீவானந்தம் சார் பாஸ்போர்ட் போட்டோவுக்கு வருகிறார். [ஆசை. அடித்துவிட்டேன். முழுசாக அடிக்கவில்லை.]

முடிவு மூன்று: நானே அந்த ஸ்டூலில்—

வேண்டாம். தலைப்பைப் பாருங்கள். இரண்டு சொல்லுக்கும் நடுவில் இடம் இருக்கிறது. நெருக்கி எழுதினால் 'க்கு' கொள்ளும். எழுதினால் அக்காவின் கடை போய்விடும். எழுதாவிட்டால் யார் யார் போவார்கள் என்று எனக்குத் தெரியாது. பேனா உங்களிடம்.

ஒன்று மட்டும். நீங்களும் அந்தப் பலகையைப் பார்த்துத்தான் உள்ளே வந்தீர்கள். எழுந்து போகும்போது 'வரேன்' என்று சொல்லிப் பாருங்கள்.

வாயில் வருகிறதா?