பச்சைப் பொத்தான்

என் கணவர் மத்தியாஸின் கைகளை நோய் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக்கொண்டது. முதலில் வலையின் கண்ணி பிடிபடவில்லை. பிறகு சோற்று உருண்டை. இரண்டாயிரத்துப் பதினொன்றில் வலது கைப் பெருவிரலில் மட்டும் தெம்பு மிச்சமிருந்தது.

மகள் ஜெமி பஹ்ரைனில் நர்ஸ். டியூட்டி முடிந்ததும் கம்ப்யூட்டரில் கூப்பிடுவாள். மணியடித்தால் நான் அடுக்களையிலிருந்து கை கழுவிக்கொண்டு ஓடிவர வேண்டும். திரையில் அவள் படம் மினுங்குவதைப் பார்த்தபடி அவர் நாற்காலியில் இருப்பார். பல நாள் நான் வந்து சேருமுன் மணி அடங்கிவிடும்.

"மவ கூப்பிடுதா. அப்பன் பொம்ம மாதிரி இருக்கான்" என்றார் ஒருநாள்.

ஜெமியோடு படித்த ஷைஜு மார்த்தாண்டத்தில் கம்ப்யூட்டர் கடை வைத்திருந்தான். வந்து பார்த்தான்.

"மாமா, டிவி ரிமோட்ட அமுக்குவியளா?"

"அது அமுக்குவேன் மக்கா. அதுக்கு ஒரு விரலு போரும்."

"அப்பம் சரி."

வீட்டில் மஸ்கட்டிலிருந்து வந்த டிவி கெட்டுப் பல வருடமாகியும் அதன் ரிமோட் பிளாஸ்டிக் உறை கிழியாமல் கிடந்தது. அதைக் கடைக்குக் கொண்டுபோய், ரிமோட்டின் வெளிச்சத்தை வாங்கும் மூன்று காலுள்ள ஒரு சின்னக் கண்ணை ஷைஜு வயரில் பற்றவைத்துக் கம்ப்யூட்டரில் சொருகினான். ரிமோட்டின் ஒவ்வொரு பொத்தானையும் அந்தக் கண்ணுக்கு முன்னால் அழுத்திப் பழக்கினான். அழைப்பை எடுக்க கீபோர்டில் இரண்டு விசைகளைச் சேர்த்து அழுத்த வேண்டும். அந்த இரண்டையும் பச்சைப் பொத்தானில் ஏற்றினான். சிவப்பு, பேசி முடித்து வைப்பதற்கு.

அவன் கடையில் ஒழுங்காக வேலை செய்தது, எங்கள் வீட்டில் செய்யவில்லை. பத்துத் தடவை அழுத்தினால் ஒரு தடவைதான் சொன்னபடி கேட்கும். ஷைஜு வயரை மாற்றினான், கண்ணை மாற்றினான். மத்தியாஸ் ரிமோட்டை மடியில் போட்டுவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அப்போது கரண்ட் போனது. கம்ப்யூட்டரை அணையவிடாமல் யுபிஎஸ் கத்தத் தொடங்கியது. ஷைஜு சும்மா பச்சையை அழுத்தினான். கேட்டது. மறுபடி அழுத்தினான், கேட்டது. கரண்ட் வந்தது. கேட்கவில்லை.

"இதென்ன மாமி, கரண்ட் போனாதான் வேல செய்வேன்னு சொல்லுது!"

ஃபேனை நிறுத்திப் பார்த்தோம், பயனில்லை. பகல் நேரம், அறையில் வேறெதுவும் எரியவில்லை, இயேசுவின் திருஇருதயப் படத்தின் சிவப்பு விளக்கைத் தவிர. எங்கள் கரையில் புதிதாக எந்தச் சாமான் வாங்கினாலும் அந்தப் படத்தின் கீழே வைத்துத்தான் பங்குச் சாமியார் மந்திரிப்பார். கம்ப்யூட்டர் வைத்த இடத்திலேயே தங்கிவிட்டது. குண்டு பல்பு ஃபியூஸ் ஆனபோது நான்தான் அங்கே சிவப்பு சி.எஃப்.எல். மாட்டியிருந்தேன்.

"அந்த பல்புதான்" என்றான் ஷைஜு மெதுவாக. "நம்ம கண்ணுக்குத் தெரியாத வெளிச்சம் அதுலேந்து துடிக்குது. கம்ப்யூட்டர் கண்ணு கொழம்புது."

யாரும் எழவில்லை. மத்தியாஸ் முதன்முதல் கடலுக்குப் போன நாளில் ஏற்றிய விளக்கு. கரண்ட் போகும்போது அணையுமே தவிர, எங்கள் கையால் அணைத்ததில்லை.

"அணச்சுப் பாரு ஏட்டி" என்றார்.

நான் சுவிட்சின் பக்கம் போய் நின்றேன்.

"ஆண்டவரு கேட்டா, நான் நேர்ல போய் சொல்லிக்கிடுதேன். எப்படியும் போகப்போறவந்தானே."

அணைத்தேன். அவரே பச்சையை அழுத்தினார். திரை கேட்டது. ஷைஜு குளச்சலுக்கு ஓடிப் பழைய மாதிரிக் குண்டு பல்பு ஒன்று வாங்கிவந்து மாட்டினான். விளக்கும் எரிந்தது, பொத்தானும் கேட்டது.

சாயங்காலம் அடுக்களையில் சாளை மீன் வெட்டிக்கொண்டிருந்தேன். மணி அடித்தது. எழுந்து குழாயைத் திறக்கும்போதே நின்றுவிட்டது. இன்றைக்கும் போயிற்று என்று நினைத்தேன்.

"அப்பாவா? அம்மா எங்க?" ஜெமியின் குரல்.

"அவ சாளை வெட்டுதா. நாந்தான் எடுத்தேன்."

அவரே மறுபடி கேட்டார்.

"என்னட்டி, கட்டாயிப் போச்சா?"

"இல்லப்பா. இருக்கேன்."

குழாயை மூடிவிட்டு மறுபடி அரிவாள்மணைக்கு முன்னால் உட்கார்ந்தேன். அதன் பிறகு, அவர் இருந்தவரை, அந்த மணிச் சத்தத்துக்காக நான் கை கழுவிக்கொண்டு ஓடியதில்லை.