கார்வுனியின் நேற்றைய பேச்சு

கார்வுனித் தீவில் இன்று பேசியது நாளை அதே நேரத்துக்கு எங்கள் லிதாரித் தீவில் கேட்கும். படகு முக்கால் மணியில் வந்துவிடுகிறது. பேச்சுக்குத்தான் ஒரு நாள் பிடிக்கிறது. கோடை முழுக்க வடக்கிலிருந்து அடிக்கிற காற்று அதைக் கொண்டுவந்து துணிக்கொடியிலும் அத்திமரத்திலும் போட்டுவிட்டுப் போகும். கார்வுனி இரைச்சலான ஊர். மோட்டார் சைக்கிளும் மதுக்கடைப் பாட்டும் விடியும்வரை ஓயாது. லிதாரியில் கல், ஆடு, நாங்கள், அவ்வளவுதான். நேற்றைய மீன் ஏலத்தைக் கேட்டுக்கொண்டே இன்றைய மீனைச் சுடுவோம். பூகம்ப வருஷத்தில், அங்கே எழும்பிய தூசியைப் பார்த்துவிட்டுப் படகெடுத்து அங்கே ஓடினோம். இடிபாடு அள்ளித் திரும்பிவந்து கைகால் கழுவும்போதுதான், "யாராச்சும் வாங்களேன்" என்று காற்று கூப்பிட்டது. வந்தாச்சு, வந்தாச்சு என்று அதற்கும் சமாதானம் சொல்லிவிட்டுப் படுத்தோம்.

பிறத்தியார் வீட்டு அந்தரங்கம் வந்தால் காதில் வாங்கக் கூடாது என்பது எங்கள் ஊர் வழக்கம். அப்படியொரு குரல் தணிந்து வந்தால், அது கடந்துபோகும்வரை ஆளாளுக்குக் கரண்டியால் தட்டைத் தட்டுவோம்.

ஓர் ஆகஸ்டில் பிரேயஸ் துறைமுகத்திலிருந்து அர்கிரோவும் அவள் புருஷன் ஸ்தமாதிஸும் விடுமுறைக்கு வந்தார்கள். எங்கே போவதென்று ஒத்துப்போகாததால் பாதி நாள் அவன் கேட்ட கார்வுனி, பாதி நாள் அவள் கேட்ட லிதாரி. கப்பல் பட்டறையில் ஆயுசெல்லாம் பற்றவைப்பு வேலை பார்த்தவன் ஸ்தமாதிஸ். வெளியே குரல் ஏழு தெருவுக்குக் கேட்கும். வீட்டுக்குள் நுழைந்தால் வாய் பூட்டிக்கொள்ளும். அவன் ஓய்வுபெற்ற பிறகு இருவருக்கும் நடுவில் உப்பு எங்கே, சாவி எங்கே என்பதைத் தவிரப் பேச்சே கிடையாது. அர்கிரோ முடிவெடுத்துவிட்டாள். இந்த விடுமுறை முடிந்ததும் வோலோஸில் இருக்கும் தங்கையிடம் போய்விடுவது, திரும்புவதில்லை. மாலைப் படகில் எங்கள் தீவில் இறங்கிய மறுநாளே, உணவுக்கடை மாரிகோவைத் தனியாகக் கூப்பிட்டு, நாளைக் காலைப் படகில் ஒரே ஓர் இடம் சொல்லிவைக்கும்படி கேட்டாள். யாருக்கு என்று மாரிகோ கேட்கவில்லை. ஒரே ஓர் இடம் என்றால் எங்களுக்கே புரியும்.

அன்று மத்தியானம் மாரிகோ கடையில் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து, பேசாமல் மீன் முள்ளை எடுத்துக்கொண்டிருந்தார்கள். காற்று எழுந்தது. முதலில் ஒரு கழுதை கத்தியது, பிறகு ஓர் ஐஸ்கிரீம் வண்டி. அதற்குப் பின்னால், கார்வுனிக் கடல்முனையில் யாருமில்லை என்று நினைத்துப் பேசிப்பார்த்த ஓர் ஆண்குரல்.

"அர்கிரோ. இத எப்படி ஆரம்பிக்கிறதுன்னு தெரியல."

கடை முழுக்கக் கரண்டிகள் எழுந்தன. தட்டுச் சத்தத்தில் அத்திமரத்துக் குருவிகள் பறந்தோடின. ஸ்தமாதிஸ் கையில் முள்ளோடு அப்படியே சிவந்துபோய் உட்கார்ந்திருந்தான். அர்கிரோ எழுந்து நின்றாள்.

"கொஞ்சம் நிறுத்துங்க. அது எனக்கு வந்தது."

கரண்டிகள் இறங்கின.

"ஆகஸ்ட் வெயில்ல எவளாச்சும் கம்பளிக் கோட்டு எடுத்துட்டு வருவாளா? பெட்டியப் பாத்ததுமே புரிஞ்சுபோச்சு, நீ தங்கச்சிகிட்ட போறேன்னு. போகாதேன்னு சொல்ல நினைக்கிறேன். உன் மொகத்தப் பாத்தா நாக்கு மேல ஒட்டிக்கிது. பயமாருக்கு, அவ்வளவுதான். போறதா இருந்தா போ. வோலோஸ்ல குளிரும். கோட்டுல மேல் பட்டன் தொங்கிச்சு, தெச்சு வெச்சிருக்கேன்."

காற்று விழுந்தது. அர்கிரோ உட்கார்ந்தாள்.

"பச்சைக் கோட்டுக்குக் கறுப்பு நூலு," என்றாள். "எந்தக் குருடி தெச்சாளோன்னு கார்வுனி விடுதிக்காரியத் திட்டிட்டிருந்தேன்."

"பச்சை நூல் கெடைக்கல."

"கேட்டிருந்தா குடுத்திருப்பேன்ல, கிழவா."

தான் எடுத்துவைத்த சதையைக் கரண்டியால் அவன் தட்டுக்குத் தள்ளினாள். மறுநாள் காலைப் படகில் அந்த இடம் காலியாகவே போனது.

அதற்குப் பிறகு வருஷா வருஷம் வருகிறார்கள். அவன் கார்வுனியில் இறங்கிக்கொள்கிறான், அவள் லிதாரிக்கு வந்துவிடுகிறாள். அவன் முனையில் நின்று பேசியதை மறுநாள் மத்தியானம் அவள் காப்பி குடித்துக்கொண்டே கேட்கிறாள். நாங்கள் தட்டைத் தட்டுகிறோம், அவன் குரல் அவளுக்குக் கேட்கிற அளவுக்கு மெதுவாக. காற்று ஒரு பக்கம்தான் அடிக்கும். பதில் சொல்ல அவள் நேரில்தான் போயாக வேண்டும். அதனால் அவள் காப்பியை முடிப்பதற்குள்ளேயே மாரிகோ, மாலைப் படகில் ஒரே ஓர் இடம் சொல்லிவைத்துவிடுகிறாள்.